வெப்சைட் கலைந்து தெரிகிறதா, திறக்க நேரமாகிறதா? சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை. ஆடித் தள்ளுபடி நேரம். கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, என் கம்ப்யூட்டர்ல சைட்டு சூப்பரா கீது. கஸ்டமருங்கதான் தொறக்கவே மாட்டேங்குதுன்றாங்க. அவங்க போன்லதான் ஏதோ கோளாறு போல" என்றார். அவர் கம்ப்யூட்டரில் உண்மையிலேயே ஒரு நொடியில் திறந்தது. தினமும் நாலு தடவை திறந்து பார்க்கிற ஆள். படங்கள் எல்லாம் எப்போதோ இறங்கி அந்த மெஷினிலேயே குடியிருக்கின்றன. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் போனைக் கேட்டு வாங்கி அதே முகவரியை அடித்தேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டார், பக்கம் வந்தபாடில்லை.

கீழே இருப்பது அந்தக் கடையிலும், அதற்குப் பிறகு ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் பார்த்த வேலைகளிலும் நான் போகிற வரிசை. வேர்ட்பிரஸ் (சைட் கட்டும் ரெடிமேட் மென்பொருள்) சைட்டானாலும் கையால் எழுதியதானாலும் வரிசை இதுதான்.

தொடுவதற்கு முன்

முதலில் பேக்கப். ஃபைல்கள் தனி, டேட்டாபேஸ் தனி, இரண்டும் சர்வரிலேயே கிடக்காமல் உங்கள் கையில் ஒரு பிரதி. அடுத்தது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஐந்தை ஒன்றாக மாற்றிவிட்டு சைட் சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாது. கெட்டுப்போனால் எது கெடுத்தது என்றும் தெரியாது. ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதிவையுங்கள். நான் இன்னும் நாற்பது பக்க நோட்டுதான்.

படி 1: புகாரை முழுசாக வாங்குங்கள்

"சைட் சரியில்லை" என்பது புகார் இல்லை. என்ன போன், எந்த பிரவுசர், வைஃபையா மொபைல் டேட்டாவா, லிங்க் எங்கிருந்து வந்தது, ஒரு ஸ்கிரீன்ஷாட். இந்த ஐந்தும் வேண்டும்.

லிங்க் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. இன்ஸ்டாகிராமில் புடவைப் படத்தைப் பார்த்து லிங்க்கைத் தொடுகிறவருக்கு, பக்கம் குரோமில் திறப்பதில்லை. இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே இருக்கும் குட்டி பிரவுசரில் திறக்கிறது. அங்கே யுபிஐ செயலியைத் திறக்கும் பட்டன் சில நேரம் வேலை செய்யாது. குரோமில் எத்தனை முறை சோதித்தாலும் அந்தக் குறை உங்கள் கண்ணில் படவே படாது.

படி 2: அந்தக் குறையை உங்கள் கண் முன்னே கொண்டுவாருங்கள்

கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து இன்காக்னிட்டோ ஜன்னலில் சைட்டைப் போடுங்கள். எஃப்12 விசையை அழுத்தினால் டெவலப்பர் டூல்ஸ் வரும். நெட்வொர்க் பகுதியில் 'டிசேபிள் கேஷ்' என்பதை டிக் செய்யுங்கள் (இந்தக் கேஷ் கல்லாவில் இருப்பது இல்லை, பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய ஃபைல்கள்). பக்கத்திலேயே வேகத்தைக் குறைக்கும் பட்டியல் இருக்கும், அதில் 'ஸ்லோ 4ஜி' தேர்ந்தெடுங்கள். இடது மேல் ஓரத்தில் போன் படம் போட்ட பட்டனைத் தட்டினால் திரை போன் அளவுக்குச் சுருங்கும். இப்போது பக்கத்தை மறுபடி திறந்தால் வாடிக்கையாளர் பார்ப்பதற்கு ஓரளவு அருகில் வந்துவிடுவீர்கள்.

ஓரளவுதான். அந்தப் போன் திரை வெறும் அளவு மாற்றம். உள்ளே ஓடுவது உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசர். அதனால் ஒரு நிஜமான மலிவு போன் அவசியம். என்னிடம் பர்மா பஜாரில் வாங்கின பழைய ஆண்ட்ராய்டு ஒன்று இருக்கிறது, ஓரத்தில் கண்ணாடி விரிசல். அதில் ஓடினால் எதிலும் ஓடும். சோதிக்க மெட்ரோவில் ஏறுவதும் உண்டு. மண்ணடியிலிருந்து தண்டையார்பேட்டை வரை சுரங்கம், அதைத் தாண்டினால் ரயில் பாலத்தின் மேல் வந்துவிடும். சிக்னல் ஏறி இறங்குகிற அந்த இடைவெளியில் பக்கம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை எந்த டூலும் அவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

ஐபோன் விஷயத்தில் ஒன்று ஞாபகம் வையுங்கள். இந்தியாவில் விற்கும் ஐபோனில் குரோம் ஐகானைத் தொட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட் எஞ்சின்தான். "ஐபோன் குரோமில் கலைகிறது" என்று புகார் வந்தால் சஃபாரியில் சோதியுங்கள்.

படி 3: கலைந்து தெரிவதைப் பிரித்துப் பாருங்கள்

அதே டெவலப்பர் டூல்ஸில் கன்சோல் பகுதியைத் திறங்கள். சிவப்பில் வரும் வரிகளை மேலிருந்து கீழாகப் படியுங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

பக்கம் முழுக்க அலங்காரமே இல்லாமல், வெள்ளைத் தாளில் எழுதிய மாதிரி வந்தால், நிறம், அளவு, அலங்காரம் எல்லாம் எழுதியிருக்கும் சிஎஸ்எஸ் ஃபைல் வந்து சேரவில்லை. கன்சோலில் 404 (கேட்ட ஃபைல் அங்கே இல்லை) என்றிருந்தால் ஃபைல் பெயரைப் பாருங்கள். விண்டோஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று. பெரும்பாலான சர்வர்கள் லினக்ஸ், அங்கே இரண்டும் வேறு வேறு. உங்கள் மெஷினில் ஓடியது சர்வரில் ஓடாததற்கு இது பழைய காரணம். 'மிக்ஸ்டு கன்டென்ட்' என்றிருந்தால், சைட் எச்டிடிபிஎஸ்ஸுக்கு (தகவலைப் பூட்டி அனுப்பும் இணைப்பு) மாறிய பிறகும் உள்ளே பழைய எச்டிடிபி முகவரிகள் மிச்சம் இருக்கின்றன. பூட்டுப் போட்ட பக்கத்துக்குள் பூட்டில்லாத சிஎஸ்எஸ்ஸையும் ஸ்கிரிப்ட்டையும் பிரவுசர் விடாது. டேட்டாபேஸில் அந்த முகவரிகளைத் தேடி மாற்றுங்கள்.

போனில் எல்லாமே எறும்பு சைஸில் தெரிந்தால், பக்கத்தைப் போன் அகலத்துக்கு அமைக்கச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் இல்லை, ஒரு வரியில் சரியாகிவிடும். பெட்டிகளின் அகலமும் இடைவெளியும் விநோதமாக இருந்தால் பக்கத்தின் முதல் வரியில் டாக்டைப் என்ற அறிவிப்பு இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் பிரவுசர் 1990களின் பழக்கத்துக்குத் திரும்பி அளவுகளைக் கணக்கிடும்.

பக்கம் இடம் வலமாக ஆடுகிறதா? ஏதோ ஒன்று திரையைவிட அகலமாக இருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: சிஎஸ்எஸ்ஸில் எல்லா உறுப்புகளுக்கும் ஒரு பிக்சல் சிவப்பு அவுட்லைன் போடுங்கள். பார்டர் போடாதீர்கள், அது அளவையே மாற்றிவிடும். எந்தப் பெட்டி கோட்டைத் தாண்டி வெளியே நீட்டுகிறதோ அதுதான். பெரும்பாலும் 1200 பிக்சல் என்று அகலத்தை அடித்து வைத்த பேனர், விலைப்பட்டியல் டேபிள், அல்லது உடையாத ஒரு நீளச் சொல்.

ஐபோனில் மூன்று குறைகள் அடிக்கடி வரும். கீழே ஒட்டிய 'ஆர்டர் செய்' பட்டன் முகவரிப் பட்டைக்குப் பின்னால் மறைந்தால், உயரத்தை 100 விஎச் (முகவரிப் பட்டையைக் கணக்கில் எடுக்காத திரை உயரம்) என்று கொடுத்திருப்பார்கள். அந்த வரியை அப்படியே வைத்துக்கொண்டு அதன் கீழே 100 டிவிஎச் (பட்டை போக மிச்சமுள்ள உயரம்) என்று இன்னொரு வரி சேருங்கள். புது பிரவுசர் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும், பழையது முதல் வரியோடு நிற்கும். போன் நம்பர் பெட்டியைத் தொட்டதும் பக்கம் எகிறிப் பெரிதாகிறது என்றால், அந்தப் பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே இருக்கிறது, 16 ஆக்குங்கள். பட்டன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், பட்டன்களை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ் பெட்டிக்குள் இடைவெளிக்கு 'கேப்' போட்டிருப்பார்கள். சஃபாரி அதை ஏற்றது 2021இல் வந்த 14.1 பதிப்பிலிருந்துதான். ஐபோன் 6 மாதிரி ஐஓஎஸ் 12லேயே நின்றுபோன போன்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அங்கே மார்ஜின்தான் உதவும்.

லோகோ காணாமல் போனது என்று புகார் வந்தால் டார்க் மோடைக் கேளுங்கள். சில போன் பிரவுசர்கள் வெள்ளைப் பின்னணியைத் தாங்களாகவே கறுப்பாக்கும். பின்னணியில்லாத பிஎன்ஜியில் கறுப்பு லோகோ வைத்திருந்தால் கறுப்பில் கறுப்பு. லோகோவுக்கு மெல்லிய வெள்ளை விளிம்பு கொடுத்தால் தீர்ந்தது.

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 2022 ஜூன் 15இல் மைக்ரோசாஃப்ட்டே அதற்கான ஆதரவை முடித்துக்கொண்டது.

படி 4: தமிழ் எழுத்து உடைந்தால்

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் பகுதி கிடைக்காது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எழுத்து எந்த மாதிரி உடைகிறது என்று பார்த்தாலே நோய் தெரியும். தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட டிரேட்மார்க் குறியும் திரும்பத் திரும்ப வந்தால், எழுத்து நல்லாத்தான் இருக்கிறது, பிரவுசர்தான் தப்பாகப் படிக்கிறது. யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். அந்த மூன்றையும் மூன்று ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்தால் இப்படி வரும். பக்கத்தின் தலைப்பகுதியில், முதல் 1024 பைட்டுக்குள், யுடிஎஃப்-8 என்று அறிவியுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் சர்வர் பக்கத்தோடு அனுப்பும் ஹெடர் என்ற குறிப்பில் வேறு குறியீட்டின் பெயர் இருக்கும். பக்கத்தில் எழுதியதைவிட ஹெடருக்குத்தான் பிரவுசர் கட்டுப்படும்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் நிலைமை மோசம். டேட்டாபேஸில் சேமிக்கும்போதே எழுத்து செத்துவிட்டது. டேட்டாபேஸையும் அதோடு பேசும் இணைப்பையும் யுடிஎஃப்8எம்பி4 (டேட்டாபேஸில் யுடிஎஃப்-8இன் முழு வடிவம்) ஆக்கிவிட்டு, போனதை மறுபடி டைப் அடிக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை.

ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக வந்தால் அது பாமினி மாதிரியான பழைய ஃபான்ட் முறையில் அடித்தது. அந்த முறையில் புள்ளி வைக்கிற இடத்தில் அரைப்புள்ளிதான் இருக்கும். நம்ம பக்கத்தில் இது ரொம்ப சகஜம். கடை நோட்டீஸை டிடிபி செய்தவர் கொடுத்த ஃபைலிலிருந்து அப்படியே எடுத்து வெப்சைட்டில் ஒட்டிவிடுவார்கள். ஃபான்ட் மாற்றிப் பயனில்லை, யூனிகோடாக மாற்றித் தரும் கன்வெர்ட்டரில் போட்டு எடுங்கள். மாற்றியதை ஒரு தடவை படித்தும் பாருங்கள், ஒற்றுகள் சில இடத்தில் தவறும்.

'கொ'வுக்குப் பதில் 'க' தனியாகவும், புள்ளிவட்டத்தோடு கொம்பும் காலும் தனியாகவும் நிற்கிறதா? எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வருகிற அனிமேஷன் யாரோ போட்டிருக்கிறார்கள். அந்த ஸ்கிரிப்ட் ஆங்கிலத்தை நினைத்து எழுதியது. 'கொ' என்பது கம்ப்யூட்டருக்கு இரண்டு குறியீடுகள் என்பது அதற்குத் தெரியாது. எழுத்து எழுத்தாகப் பிரிக்காமல் சொல் சொல்லாகப் பிரிக்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் அந்த அனிமேஷனையே தூக்கிவிடுவேன்.

'கூ', 'மூ' போன்ற எழுத்துகளின் வால் வெட்டுப்பட்டால் வரி உயரத்தை 1.6 பக்கம் வையுங்கள். ஆங்கிலத் தீமில் வருகிற 1.2 நம் எழுத்துக்குப் போதாது. லெட்டர் ஸ்பேசிங்கைப் பூஜ்யமாக்குங்கள். பட்டனுக்கு வெளியே நீளச் சொல் நீட்டிக்கொண்டிருந்தால் ஓவர்ஃப்ளோ ராப் போடுங்கள். 'பிரேக் ஆல்' மட்டும் வேண்டாம், சொல்லைக் கண்ட இடத்தில் வெட்டிவிடும்.

ஃபான்ட்டைப் பொறுத்தவரை என் கட்சி எளிமையானது. ஆண்ட்ராய்டில் நோட்டோ, விண்டோஸில் நிர்மலா என்று எல்லா மெஷினிலும் ஒரு தமிழ் ஃபான்ட் ஏற்கெனவே இருக்கிறது. உடல் எழுத்துக்கு அதையே விட்டால் ஒரு பைட்டும் இறங்க வேண்டாம். தலைப்புக்கு மட்டும் தனி ஃபான்ட் வேண்டுமென்றால் வோஃப்2 என்ற சுருக்கிய வடிவில், 'ஸ்வாப்' அமைப்போடு கொடுங்கள். ஃபான்ட் வரும்வரை எழுத்து மறைந்து நிற்காது. ஃபான்ட்டைக் குறுக்கும்போது எழுத்து இணைப்பு விதிகளை வெட்டிவிடாதீர்கள், 'ஸ்ரீ'யும் 'கூ'வும் சிதைந்துவிடும்.

படி 5: வேகத்தை அளங்கள்

கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போட்டு மொபைல் பகுதியைப் பாருங்கள். டெஸ்க்டாப் பகுதியின் பச்சை நிறத்தைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும்.

மேலே இருக்கும் வட்ட மதிப்பெண்ணைவிட மூன்று அளவுகள் முக்கியம். எல்சிபி: திரையின் பெரிய உறுப்பு தெரிய ஆகும் நேரம், 2.5 நொடிக்குள் இருந்தால் நல்லது. ஐஎன்பி: தொட்டதற்குப் பக்கம் பதில் காட்டும் நேரம், 200 மில்லி நொடிக்குள், 2024 மார்ச்சில் எஃப்ஐடி என்ற பழைய அளவை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். சிஎல்எஸ்: படிக்கும்போது பக்கம் எவ்வளவு குதிக்கிறது, 0.1க்குள். வாடிக்கையாளர் கூட்டம் இருக்கும் சைட்டாக இருந்தால் கடந்த 28 நாளில் நிஜமான ஆட்களுக்கு எப்படி இருந்தது என்பதையும் காட்டும். சின்னக் கடைகளுக்கு அந்தப் பகுதி காலியாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

நூற்றுக்கு நூறு எடுக்க ஓடாதீர்கள். எழுபதிலேயே நன்றாக வியாபாரம் நடக்கிற சைட்டுகள் உண்டு.

படி 6: படங்கள்

எம்.சி. ரோடு கடையில் நோய் இங்கேதான் இருந்தது. முகப்பில் 12 புடவைப் படம். ஒவ்வொன்றும் போன் கேமராவில் எடுத்து அப்படியே ஏற்றியது: 4000க்கு 3000 பிக்சல், சுமார் 4 எம்பி. மொத்தம் 48 எம்பி. 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு 5 மெகாபிட், 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்) கிடைக்கிற போனில் இது இறங்க 77 நொடி. அதற்குள் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போயிருப்பார்.

இறங்கிய பிறகும் தொல்லை தீராது. திரையில் காட்ட பிரவுசர் படத்தை விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் ஆகும். 4000 × 3000 × 4 என்றால் ஒரே படத்துக்கு 48 எம்பி மெமரி. 12 படத்துக்கு 576 எம்பி. சின்ன போன் திணறாமல் என்ன செய்யும்? ஃபைலை அழுத்திச் சின்னதாக்கினாலும் பிக்சல் எண்ணிக்கை குறையவில்லை என்றால் இந்த மெமரிக் கணக்கு அப்படியேதான் இருக்கும். ஆகவே முதலில் அளவைக் குறையுங்கள், பிறகு அழுத்துங்கள்.

போன் திரையில் பாதி அகலத்தில் தெரிகிற படத்துக்கு 800 பிக்சல் தாராளம். வெப்பி என்ற சிறிய பட வடிவில் சேமித்தால் 80 கேபி சுற்றளவில் வந்தது. புடவையின் ஜரிகை மங்கவில்லை என்று கடைக்காரரைப் பக்கத்தில் வைத்து உறுதி செய்துகொண்டேன். 12 படமும் சேர்ந்து ஒரு எம்பிக்குள். அதே 5 எம்பிபிஎஸ்ஸில் ஒன்றரை நொடி. ஐஓஎஸ் 14க்கு முந்தைய ஐபோன்களுக்கு வெப்பி தெரியாது. பிக்சர் டேக் வைத்து உள்ளே ஜேபெக்கையும் மாற்றாகக் கொடுங்கள்.

எல்லாப் படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் எச்டிஎம்எல்லில் எழுதுங்கள். எழுதாவிட்டால் படம் வரும்வரை அந்த இடம் பூஜ்யம், வந்ததும் கீழே இருப்பதெல்லாம் குதிக்கும். விலையைத் தொடப் போனவர் விரல் வேறு எதிலோ படும்.

கீழே இருக்கும் படங்களுக்கு 'லேசி' லோடிங் (திரைக்கு அருகில் வரும்போதுதான் படத்தை இறக்குவது) போடுங்கள். முதல் திரையில் தெரியும் பெரிய படத்துக்குப் போடவே கூடாது. வேகப்படுத்துகிறேன் என்று பிளகின்கள் (சைட்டில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்கள்) எல்லாப் படத்துக்கும் ஒட்டுமொத்தமாகப் போட்டு எல்சிபியைக் கெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு படத்தை முதலில் இறக்கும்படி ஃபெட்ச் பிரையாரிட்டி 'ஹை' என்று கொடுங்கள். அப்புறம் அந்த ஸ்லைடர். ஐந்து பேனர் மாறி மாறி ஓடுவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஒரே ஒரு நல்ல படம் வையுங்கள்.

படி 7: வெளியிலிருந்து வரும் சுமை

யூடியூப் வீடியோவையும் கூகுள் மேப்பையும் பக்கத்தில் அப்படியே பதித்தால், யாரும் தொடாவிட்டாலும் அவற்றின் ஸ்கிரிப்ட் எல்லாம் இறங்கும். வீடியோவின் முகப்புப் படத்தை மட்டும் வைத்து, தொட்ட பிறகு பிளேயரைக் கொண்டுவாருங்கள். மேப்புக்கு ஒரு லிங்க் போதும். வழி தேடுகிறவர் எப்படியும் மேப்ஸ் செயலியில்தான் பார்ப்பார்.

சாட் பெட்டி, பாப்-அப், எண்ணும் கருவி என்று ஆளாளுக்குச் சேர்த்த ஸ்கிரிப்ட்களை நெட்வொர்க் பகுதியில் எண்ணுங்கள். கேட்டால் யாருக்குமே தெரியாதவற்றை எடுத்துவிடுங்கள். மிச்சத்துக்கு 'டிஃபர்' (பக்கம் வந்த பிறகு ஓடச் சொல்வது) போடுங்கள். வேர்ட்பிரஸ்ஸில் பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்தி அளந்து பாருங்கள். இரண்டு கேஷ் பிளகின் ஒன்றாக ஓடுவது, ஒரு கல்லாவுக்கு இரண்டு பேர் கணக்கு எழுதுவது மாதிரி.

படி 8: சர்வரும் கேஷும்

வாடிக்கையாளர் கொருக்குப்பேட்டையில், சர்வர் அமெரிக்காவில். நியூயார்க் சுமார் 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய் வரவே 135 மில்லி நொடி, கேபிள் நேராகப் போகாததால் நிஜத்தில் இன்னும் அதிகம். முகவரி தேடிய பிறகு இணைப்புக்கு ஒரு நடை, பூட்டுக்கு ஒரு நடை, பக்கம் கேட்க ஒரு நடை. முதல் பைட் வருவதற்குள் அரை நொடி காலி. மும்பை சர்வருக்கு மாற்றினால் இது சில பத்து மில்லி நொடிகளாகும். மாற்ற முடியாவிட்டால் சிடிஎன் (ஃபைல்களின் பிரதிகளைப் பல ஊர் சர்வர்களில் வைத்துத் தரும் சேவை) போடுங்கள். கிளவுட்ஃபிளேர் போன்றவற்றுக்குச் சென்னையிலேயே இடம் இருக்கிறது. சிடிஎன் போட்டாலும் பக்கத்தின் எச்டிஎம்எல்லை அது சேமிக்காவிட்டால் அதற்கு மட்டும் அமெரிக்கா வரை போயே தீரும். அதையும் பாருங்கள்.

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட் ஆகியவை ஜிஜிப் அல்லது பிராட்லி சுருக்கத்தில் வருகின்றனவா என்று நெட்வொர்க் பகுதியில் ஒரு தடவை சரிபாருங்கள்.

படங்களுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் கேஷ் காலம் ஒரு வருடம் கொடுக்கலாம், அதாவது 3,15,36,000 நொடி. ஆனால் ஃபைலை மாற்றும்போது அதன் பெயரிலும் பதிப்பு எண்ணை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் சரிசெய்தது பழைய வாடிக்கையாளருக்குப் போய்ச் சேராது. அவர் போன் பழைய ஃபைலையே காட்டும். "அப்படியேதான் கீது" என்ற புகார் வந்துகொண்டே இருக்கும், நீங்கள் மறுபடி படி 1க்கு வருவீர்கள்.

படி 9: மறுபடி அதே இடத்தில்

முடிந்ததும் புகார் சொன்னவரின் போனிலேயே திறந்து பாருங்கள், வைஃபையை அணைத்துவிட்டு. பழைய எண், புது எண் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். பத்து நாள் கழித்து ஒருமுறை அளங்கள்.

எம்.சி. ரோடு கடையில் பத்தாம் நாள் அளந்தபோது வேகம் மறுபடி விழுந்திருந்தது. புது ஸ்டாக் வந்ததும் கடைப் பையன் ஆறு படத்தைப் போனிலிருந்து அப்படியே ஏற்றியிருந்தான். 1200 பிக்சலுக்கு மேல் வந்தால் சர்வரே சுருக்கிக்கொள்ளும்படி அமைத்துவிட்டு, மானிட்டர் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டினேன்: "போட்டோவைச் சின்னதாக்கி ஏத்து தம்பி."